கடைமடைக்குத் தண்ணி வரலை: பழைய டீசல் வண்டியில் இஜிஆர் கோளாறு பார்ப்பது

சித்தப்பாவின் பிக்கப் 2011-ஆம் வருஷத்து வண்டி. சேரன்மகாதேவியில் விடியுமுன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போகும். வெயில் ஏறுவதற்குள் வெறும் வண்டியாகத் திரும்பிவிடும். போன மாசியில் மீட்டர் போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். பி0401 என்று ஒரு கோளாறு எண் வந்தது. "இஜிஆர் வால்வு போச்சு, மாத்தணும்" என்றார்கள். இன்ஜினை விட்டு வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி உள்ளே திருப்பிவிடும் ஏற்பாடுதான் இஜிஆர், அந்த வழியைத் திறந்து மூடுவது இந்த வால்வு. இவரும் மாற்றினார். மூன்றாம் நாள் பேட்டையைத் தாண்டும்போது அதே விளக்கு மறுபடி எரிந்தது.

"ஏல, புதுசு போட்டும் எரியுதே. மெசினு பொய் சொல்லுதா, அவன் பொய் சொல்லுதானா?" என்று போனில் கேட்டார்.

ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஸ்கேனர் சொன்னது ஒன்று, ஒர்க்‌ஷாப்காரர் புரிந்துகொண்டது வேறொன்று. பி0401 என்ற எண்ணுக்கு அர்த்தம் "வால்வு கெட்டுவிட்டது" என்பதில்லை. "நான் எதிர்பார்த்த அளவுக்குப் புகை திரும்பி வரவில்லை" என்பதுதான். ஏன் வரவில்லை என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற வேலை மனுஷனுக்குத்தான். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாதவர்களும் படிக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் போய் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரியும்.

எரிந்து முடிந்த காற்று மறுபடி உள்ளே எதற்கு?

விறகடுப்பில் கங்கு தகதகவென்று கிடக்கும்போது அதன்மேல் சாம்பலைத் தள்ளி மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். கங்கு அணையாது, அனல் மட்டும் அடங்கும். சாம்பல் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். இனி எரிய அதில் ஒன்றும் இல்லை. காற்றை மறிக்கும், சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

இன்ஜினில் அந்தச் சாம்பலின் வேலையைச் செய்வது சைலன்சருக்குப் போகிற புகை. நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். சாதாரணமாக நைட்ரஜன் எதிலும் சேராத சாது. ஆனால் சிலிண்டருக்குள் டீசல் எரியும் இடத்தில் சூடு சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதற்கும் வெறி பிடித்துவிடும். ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக வெளியே வரும். மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு அது. வெயிலோடு சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனையும் உண்டாக்கும். நம்மூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இன்ஜினைச் செய்தவர்கள் வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, உள்ளே போகும் நல்ல காற்றோடு கலந்துவிட்டார்கள். புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் சூட்டை நிறைய வாங்கிக்கொள்ளும், ஆக்சிஜனும் கொஞ்சம் குறையும். எரியும் சூட்டின் உச்சி இறங்குவதால் நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. இதற்குத்தான் இஜிஆர் என்று பெயர். அமெரிக்கக் கார்களில் 1970-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நம்மிடம் பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) என்ற புகை விதிகள் இறுக இறுக டீசல் வண்டிகளில் பரவியது.

எந்நேரமும் இப்படிப் புகையைக் கலந்துகொண்டிருக்க முடியாது. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது இன்ஜினுக்கு நல்ல காற்று முழுசாக வேண்டும். அப்போது வால்வு மூடிக்கொள்ளும். பாதி மிதியில், ஒரே சீராக ஓடும்போது திறக்கும். டீசலில் ஐடிலிங்கிலும், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போதும், பெரும்பாலும் திறந்திருக்கும். பெட்ரோலில் ஐடிலிங்கில் மூடியே இருக்க வேண்டும், திறந்தால் இன்ஜின் குலுங்கி நின்றுவிடும். அளவிலும் வித்தியாசம் உண்டு. பெட்ரோலில் உள்ளே போவதில் 5 முதல் 15 சதவீதம் வரை புகை இருக்கும். டீசலில் லேசான ஓட்டத்தில் அதைவிட மிக அதிகம் போகும்.

வால்வு ஒரு ஷட்டர்தான்

சித்தப்பாவுக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிலம். அதனால் அவருக்கு நான் கால்வாயை வைத்தே சொன்னேன். இங்கேயும் அதுவே தோது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரியும், கால்வாயில் மடை, மடையில் ஷட்டர். இன்ஜினில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஆறு மாதிரி. அதிலிருந்து பிரியும் இரும்புக் குழாய்தான் கால்வாய். இஜிஆர் வால்வு ஷட்டர். நல்ல காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டு வயல். சில வண்டிகளில் நடுவில் இஜிஆர் கூலர் என்று ஒன்று இருக்கும். ரேடியேட்டர்த் தண்ணீரை வைத்துப் புகையை ஆறவைத்து அனுப்பும் பெட்டி அது.

இப்போது கடைமடையில் தண்ணீர் வரவில்லை. என்னவெல்லாம் காரணமாக இருக்கலாம்? ஷட்டர் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம். ஷட்டரைத் தூக்க வேண்டிய ஆள் வரவே இல்லை என்றும் இருக்கலாம். ஷட்டர் நன்றாக இருந்து கால்வாய் தூர்ந்து கிடக்கலாம். இன்னொன்றும் உண்டு: தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அளவுகோல்தான் தப்பாகக் காட்டுகிறது. புது ஷட்டர் போட்டால் தீருவது இந்த நாலில் முதல் காரணம் மட்டும்தான். சித்தப்பா செய்தது அதுதான்.

நாலாவது காரணம் எல்லோரும் தவறவிடுவது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இ.சி.யு. என்று பெயர். திரும்பி வரும் புகையைப் பல பழைய டீசல் வண்டிகளில் அது நேரடியாக அளப்பதே இல்லை, மறைமுகமாகக் கணக்குப் போடுகிறது. வயலுக்குக் கால்வாய்த் தண்ணீரும் வரும், கிணற்று மோட்டாரும் ஓடும் என்று வையுங்கள். வயல் கொள்வது ஒரே அளவு. கால்வாய்த் தண்ணீர் வந்தால் மோட்டார் குறைவாக ஓடும். மோட்டார் மீட்டரைப் பார்த்தே "இன்றைக்குக் கால்வாயில் தண்ணீர் வந்திருக்கிறது" என்று சொல்லிவிடலாம்.

அந்த மோட்டார் மீட்டர்தான் ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஏர் ஃப்ளோ சென்சர். உள்ளே போகும் நல்ல காற்றை எடை போடுவது அதன் வேலை. வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு, நல்ல காற்று குறைகிறதா என்று இ.சி.யு. பார்க்கும். குறையவில்லை என்றால் பி0401. சென்சரில் தூசி படிந்து தப்பாக அளந்தாலும் அதே பி0401 வரலாம். ஆடிக்காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இதைக் கையால் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜின் என்றால் ஒரு சிலிண்டர் கொள்வது 625 மில்லி. 35 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.15 கிராம். அப்படியானால் ஒரு சிலிண்டர் ஒரு தடவை இழுக்கக்கூடியது சுமார் 720 மில்லிகிராம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வேகம் பிடிக்காத ஐடிலிங்கில் சிலிண்டர் முழுசாக நிரம்பாது, அதில் 80, 90 சதவீதம்தான் கிடைக்கும். ஸ்கேனரில் லைவ் டேட்டா போட்டு, இஜிஆர் மூடியிருக்கும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்கு 570-க்கும் 650-க்கும் இடையில் காட்டினால் சென்சர் யோக்கியமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 400 காட்டினால் சந்தேகம். உங்கள் வண்டியின் சி.சி.யைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாஞ்சோலைக்கு ஏறிப்போய்ப் பார்க்காதீர்கள். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றே பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடும்.

திறந்தே சிக்கியதா, மூடியே சிக்கியதா?

ஸ்கேனர் மாட்டுவதற்கு முன்பே வண்டி பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

டீசல் வண்டியில் வால்வு திறந்தபடியே சிக்கிவிட்டால் முழு மிதியிலும் புகை உள்ளே வந்துகொண்டிருக்கும். நல்ல காற்று போதாது. டீசல் அரைகுறையாக எரிந்து கறுப்புப் புகை தள்ளும், புல்லிங் இருக்காது. ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போதே மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். சில வண்டிகளில் இ.சி.யு. பயந்துபோய் பவரைக் குறைத்து ஓட்டும்.

மூடியபடியே சிக்கினால் டீசலில் ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. வண்டி நன்றாகத்தான் போகும். சிலர் முன்னைவிட நன்றாகப் போகிறது என்றுகூடச் சொல்வார்கள். விளக்கு மட்டும் எரியும். சித்தப்பாவின் வண்டியிலும் அறிகுறி இதுதான். பெட்ரோலில் மூடிச் சிக்கினால் பாதி மிதியில் கிணுகிணுவென்று தட்டும் சத்தம் கேட்கலாம். திறந்து சிக்கினால் ஐடிலிங் நிற்காது, சிக்னலில் வண்டி அணையும்.

கறுப்புப் புகை என்றதும் இஜிஆரைக் கழற்றப் போகாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் அதே புகைதான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தாலும் அதே புகைதான். சென்சர் எடை போட்ட காற்று வழியிலேயே ஓடிவிடும், இ.சி.யு. காற்று வந்துவிட்டது என்று நம்பி டீசலைக் கொட்டும். அந்த ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு புதிதாக வழிந்திருந்தால் அங்கே விரிசல் இருக்கிறது. நீலப் புகை இன்ஜின் ஆயில் எரிவது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, கீழே ஒரு சொட்டும் ஒழுகாமல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் இஜிஆர் கூலருக்குள் ஓட்டை விழுந்திருக்கலாம். அந்தச் சந்தேகம் இருந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் சேர்ந்தால் இன்ஜினே போய்விடும்.

கோளாறு எண்களையும் இந்த இடத்தில் தெரிந்துகொள்வது நல்லது. 0401 போதிய புகை வரவில்லை என்பது, 0402 அளவுக்கு மேல் வருகிறது என்பது. 0403 வால்வை இயக்கும் மின்சுற்றில் கோளாறு. 0404 என்றால் வால்வு சொன்ன இடத்தில் நிற்கவில்லை. 0405-உம் 0406-உம் வால்வு நிலையைச் சொல்லும் சென்சரின் வோல்டேஜ் குறைவு, அதிகம் என்று சொல்பவை. முதல் இரண்டும் புகை ஓட்டத்தைப் பற்றியவை, மற்றவை ஒயரையும் வால்வின் அசைவையும் பற்றியவை. இந்தப் பிரிவினை தெரிந்தாலே எந்தப் பக்கம் தேடத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

"என் வண்டி பழசு, ஸ்கேனர் சாக்கெட் இருக்குமா?" என்று கேட்பீர்கள். பி.எஸ். 4 வண்டிகளுக்கு 2010-லிருந்து கோளாறை வண்டியே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு கட்டாயமானது. 2013-லிருந்து அது இன்னும் இறுகியது. ஆனால் பி.எஸ். 4 அப்போது பெருநகரங்களுக்கு மட்டும்தான். 2017 ஏப்ரலில்தான் நாடு முழுக்க வந்தது. நம் பக்கம் 2011-ல் வாங்கியது பி.எஸ். 3 வண்டியாகத்தான் இருக்கும். இருந்தாலும் காமன் ரெயில் டீசல் என்றால் இ.சி.யு. இல்லாமல் ஓடாது, சாக்கெட் எங்காவது டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். அதற்கும் முந்தின பழைய பம்ப் வண்டி என்றால் கண்ணும் கையும்தான் ஸ்கேனர்.

கால்வாய் ஓரமாக ஒரு நடை

வண்ணார்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். சித்தப்பாவின் வண்டியை அவரிடம் கொண்டுபோனோம். பானெட்டைத் திறந்தவர் பத்து நிமிஷம் எதையும் கழற்றவே இல்லை. டார்ச்சை வைத்துக்கொண்டு குழாயைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போனார்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?" என்றேன்.

"வழியத்தான் தம்பி. எங்கன ஆரம்பிச்சு எங்கன முடியுதுன்னு தெரியாம கைய வைக்கப்பிடாது."

அவர் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும் முதலில். இஜிஆர் குழாய் வழியாகப் போவது சைலன்சர்ப் புகை, தொட்டால் தோல் உரிந்துவிடும். இன்ஜினை அணைத்து ஒரு மணி நேரமாவது ஆறவிட்டே கழற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டியதை ஷெட்டுக்குள் செய்யாமல் வெட்டவெளியில் செய்யுங்கள்.

முதலில் கண்ணுக்குத் தெரிவது. கனெக்டர் கழன்றிருக்கிறதா, ஒயரை எலியோ அணிலோ கடித்திருக்கிறதா. வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிக்கு இது வேடிக்கையான சந்தேகமே இல்லை. குழாய் இணைப்புகளில் கரிப்புகை கசிந்த கறுப்புத் தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஷட்டரைத் தூக்கும் ஆள் வந்தாரா? வால்வில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவையில், வேலை செய்வது. தலையில் வட்டமான தகரத் தொப்பி மாதிரி இருக்கும், ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் மட்டும் வரும். இன்னொன்று மின்சார மோட்டாரில் இயங்குவது. அதில் நாலைந்து ஒயர் உள்ள கனெக்டர் இருக்கும்.

வேக்குவம் ரகத்தில் பெரும்பாலும் குற்றவாளி அந்த ஹோஸ்தான். இன்ஜின் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து, மேலே நன்றாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால் விரிசல் வாய் திறக்கும். இன்ஜின் ஓடும்போது வால்வுப் பக்கத்து ஹோஸைக் கழற்றி விரலை வையுங்கள். ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டிவிட்டால் விரலை இழுக்க வேண்டும். சில வண்டிகளில் ரொம்ப நேரம் சும்மா நின்று ஓடினால் இ.சி.யு. வால்வை மூடிவிடும், அதனால்தான் அந்தத் தட்டு. இழுக்கவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள். நடுவில் சோலனாய்டு ஒன்று இருக்கும், இ.சி.யு.வின் சொல்லைக் கேட்டு வேக்குவத்தைத் திறந்துவிடுவது அதுதான். அதற்குள் வரும் பக்கத்தில் வேக்குவம் இருந்து, போகும் பக்கத்தில் இல்லை என்றால் சோலனாய்டையோ அதன் ஒயரையோ பார்க்க வேண்டும். வரும் பக்கத்திலேயே இல்லை என்றால் வேக்குவம் பம்பு.

"பிரேக் எப்படி இருக்கு?" என்று அண்ணாச்சி சித்தப்பாவிடம் கேட்டார். இஜிஆருக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கும் அதே வேக்குவம் பம்புதான். பம்பு தளர்ந்திருந்தால் பிரேக் பெடல் கட்டையாகிவிடும். அப்படி இருந்தால் இஜிஆரை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சித்தப்பாவின் பிரேக் நன்றாக இருந்தது, ஹோஸும் விரலை இழுத்தது. ஷட்டரைத் தூக்குகிறவர் வேலைக்கு வந்திருக்கிறார்.

மூன்றாவது, ஷட்டர் அசைகிறதா? கையில் பிடிக்கும் வேக்குவம் பம்பு இருந்தால் வால்வின் மூக்கில் மாட்டி இழுக்கலாம். அது இல்லையென்றால் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சும் ஒரு துண்டு ஹோஸும் போதும். இழுத்ததும் உள்ளே தண்டு மேலே ஏற வேண்டும், அப்படியே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் கார்பனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மின்சார ரகமாக இருந்தால் ஸ்கேனரில் இரண்டு எண்கள் வரும்: எவ்வளவு திறக்கச் சொன்னது, எவ்வளவு திறந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தே போகவேண்டும். போகவில்லை என்றால் மல்டிமீட்டரை வைத்துக் கனெக்டரில் சென்சருக்கு வரும் 5 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வால்வைக் குறை சொல்லலாம்.

நாலாவதுதான் எனக்குப் பிடித்த சோதனை. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது வால்வை நாமே திறந்துவிடுவது. பெட்ரோல் என்றால் இன்ஜின் தடுமாறி அணையப் போகும். டீசலில் அணையாது, சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மிப் போன தொண்டை மாதிரி ஆகும். ஸ்கேனரில் நல்ல காற்றின் எண் சடாரென்று இறங்கும். வால்வு திறந்தும் சத்தமும் மாறவில்லை, எண்ணும் இறங்கவில்லை என்றால் ஷட்டர் மேலே, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. எங்கோ தூர்ந்திருக்கிறது.

சித்தப்பாவின் வண்டியில் அதுதான் நடந்தது. புது வால்வு சொன்னபடி கேட்டது, எண் 600-ஐ விட்டு அசையவில்லை.

திறந்தே சிக்கியதாகச் சந்தேகம் உள்ளவர்களுக்குக் காசில்லாத ஒரு சோதனை உண்டு. வேக்குவம் ரகத்தில் வால்வின் ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயில் சின்ன போல்ட் ஒன்றைச் சொருகி அடைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கறுப்புப் புகை நின்றுவிட்டால் வால்வு தானாக மூடத் தெரிந்ததுதான், திறக்கக் கூடாத நேரத்தில் யாரோ திறக்கச் சொல்கிறார்கள். சோலனாய்டையும் சென்சரையும் பாருங்கள். புகை நிற்கவில்லை என்றால் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது கோளாறு இஜிஆரிலேயே இல்லை. சோதனை முடிந்ததும் ஹோஸை மாட்ட மறக்க வேண்டாம். போல்ட்டோடு ஆறு மாதம் ஓடிக்கொண்டிருந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

கரி

இன்டேக் மேனிஃபோல்டை இறக்கினார்கள். இஜிஆர் குழாய் வந்து சேரும் வளைவில் இரண்டு விரல் போகிற ஓட்டை இருக்க வேண்டும். சுண்டுவிரல்கூடப் போகவில்லை. பென்சில் நுழைகிற அளவுக்கு மட்டும் நடுவில் வழி இருந்தது. சுற்றிலும் கறுப்பாக, கெட்டியாக, ரோடு போடுகிற தார் மாதிரி அப்பியிருந்தது.

புகையில் வரும் கரித்தூள் மட்டும் இப்படி அப்பாது. இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து வரும் ஆயில் ஆவியையும் பிரீதர் குழாய் வழியாக இன்டேக்கில்தான் விடுகிறார்கள். கரியும் ஆயிலும் சந்திக்கும் இடத்தில் இந்தத் தார் உருவாகிறது. அதனால் கரியின் ரகத்தைப் பார்த்தே கொஞ்சம் ஜோசியம் சொல்லலாம். அடுப்புக்கரி மாதிரி வறண்டு உதிர்ந்தால் இன்ஜெக்டரோ காற்றுப் பற்றாக்குறையோ புகையைக் கூட்டுகிறது. ஈரமாகப் பிசுபிசுவென்று இருந்தால் பிரீதரில் ஆயில் அதிகம் வருகிறது. டர்போவின் சீலையும் பிஸ்டன் ரிங்கையும் சந்தேகப்பட வேண்டும். சுத்தம் செய்து மாட்டிவிட்டு இதைப் பார்க்காமல் விட்டால் அடுத்த மாசிக்குள் மறுபடி தூர்ந்துவிடும்.

ஓட்டும் விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. டவுணுக்குள் ஊர்ந்து, லோடு இறக்கும்வரை ஐடிலிங்கில் நின்று, இன்ஜின் முழுசாகச் சூடாகும் முன்பே அணைத்து ஓட்டும் வண்டியில் இஜிஆர் திறந்திருக்கும் நேரமே அதிகம். "நான்கு வழிச்சாலையில நாங்குநேரி வரைக்கும் ஒரு மிதி மிதிச்சிட்டு வா, எல்லாம் வெளிய வந்திரும்" என்று ஒரு வைத்தியம் ஊரில் உண்டு. லேசாகப் படிந்த கரிக்கு அது கொஞ்சம் உதவலாம். பென்சில் ஓட்டை அளவுக்கு வந்துவிட்டால் கன்னியாகுமரி வரை மிதித்தாலும் பிரயோஜனமில்லை.

சுத்தம் செய்வதில் ஆர்வக்கோளாறால் ஆகிற சேதம் நிறைய. வால்வு உட்காரும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கீறல் விழுந்து, மூடினாலும் ஒழுகும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் சரி. மின்சார வால்வின் மோட்டார்ப் பகுதியை எதிலும் முக்கக் கூடாது. அலுமினிய மேனிஃபோல்டைச் சோடாக் காரத்தில் போடாதீர்கள், காரம் அலுமினியத்தையே தின்றுவிடும். இன்ஜின் ஓடும்போது இன்டேக்குக்குள் கிளீனரைப் பீய்ச்சுகிற வீடியோக்கள் சுற்றுகின்றன. டீசலுக்கு அது ஆபத்து. அந்த ஸ்பிரேயும் எரிபொருள்தான், இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடலாம், பெயர்ந்த கரிக்கட்டி வால்வுகளில் சிக்கலாம். ஏர் ஃப்ளோ சென்சருக்கு அதற்கென்று விற்கும் கிளீனர் மட்டும்தான். விரலோ துணியோ படக்கூடாது. மாட்டும்போது கேஸ்கெட் புதுசாக இருக்கட்டும். சில மின்சார வால்வுகளுக்கு மூடிய நிலை எது என்று ஸ்கேனர் மூலம் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் சுத்தமான வால்வும் 0404 காட்டும்.

இதற்கு நடுவில் ஒரு பெரியவர் வந்து யோசனை சொன்னார்: "எதுக்குத் தம்பி இவ்வளவு பாடு? ஒரு தகரத்த வெட்டி நடுவுல வச்சு அடைச்சிரு." ஊர் முழுக்க நடக்கிற வைத்தியம்தான். இன்டேக் அதற்குப் பிறகு சுத்தமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் சித்தப்பாவின் வண்டியில் கரி அதைத்தானே செய்திருந்தது? அடைப்பு கரியாக இருந்தால் என்ன, தகரமாக இருந்தால் என்ன, இ.சி.யு. அதே பி0401-ஐத்தான் போடும். சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியைத் தயாரித்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. "புகை டெஸ்ட்டில் பாஸ் ஆகுதே" என்பார்கள். ஆகத்தான் செய்யும். டீசல் வண்டிக்கு அந்த டெஸ்ட்டில் பார்ப்பது புகையின் கறுப்பை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடு அந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது. வண்ணார்பேட்டை சிக்னல் பக்கத்து டீக்கடையில் நிற்கிறவரின் நெஞ்சுக்குத் தெரியும்.

மேனிஃபோல்டை ஒரு ராத்திரி டீசலில் ஊறப்போட்டு, மறுநாள் மத்தியானம் வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். மாட்டி, ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்து, இன்ஜினைச் சூடாக்கி, அண்ணாச்சி வால்வைத் திறந்துவிட்டார். ஸ்கேனரில் 610 என்றிருந்த எண் 380-க்கு இறங்கியது. விட்டதும் மறுபடி 610. சித்தப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணு குறைஞ்சிட்டே, கோளாறா?"

"மோட்டார் குறைவா ஓடுதுன்னா என்ன அர்த்தம் சித்தப்பா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "கால்வாயில வந்துட்டு" என்றார்.

அன்றைக்கே விளக்கு எரியவில்லை என்பதை வைத்துத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. பல வண்டிகளில் ஒரே கோளாறை இரண்டு மூன்று ஓட்டத்தில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் இ.சி.யு. விளக்கைப் போடும். முதல் தடவை மூன்றாம் நாள் எரிந்ததும் அதனால்தான். வண்டி பத்து நடை நயினார்குளம் போய்வந்துவிட்டது, இன்னும் எரியவில்லை. முதலில் கழற்றிய பழைய வால்வில் சிரிஞ்சை மாட்டி இழுத்துப் பார்த்தேன். தண்டு ஏறி அப்படியே நின்றது. அதைப் பேப்பரில் சுற்றி சித்தப்பா பரணில் வைத்திருக்கிறார்.